லேபிளில் இடமில்லை

அந்த லேபிள் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. நான் ஆயுசில் டைப் அடித்தவற்றில் எனக்குப் பின்னும் இருக்கப்போவது அது ஒன்றுதான். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் ஹெர்பேரியத்தில், பழைய தாள்களையெல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, டெல்லி கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, அப்பா உத்தியோகம் பார்க்கிற அழகை மகளிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று ஒன்றைத் திறந்தேன். சிறிய பாலைவனச் செடி. ஊதாவாக இருந்து பழுப்பாகிப்போன நாலு பூ. வலது கீழ் மூலையில் என் லேபிள். சேகரித்தவர் என்ற இடத்தில் எங்கள் பெரிய அதிகாரியின் பெயர். பீற்றல் அத்தோடு நின்றுவிட்டது.

அந்தச் செடியைக் கண்டெடுத்தவர் அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரர். சேகரிப்புப் பயணங்களில் மூட்டை தூக்கவும் செடி பறிக்கவும் கூடவே வரும் கடைநிலை ஊழியர். மழை ஓய்ந்த தார் பாலைவனத்துக்கு ஒரு வருஷம் போயிருந்தோம். அதிகாரிக்கு வயிறு சரியில்லை, விடுதியில் படுத்துவிட்டார். எனக்கு வயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது; ஜீப்பின் நிழலை விட்டு வெளியே வரத்தான் மனசில்லை. அண்ணாச்சி மட்டும் மணல்மேட்டில் முழங்காலிட்டு அதை வேர் அறாமல் கிளறி எடுத்தார். காய்ந்தால் நிறம் போய்விடும் என்று பூவின் நிறத்தை அங்கேயே குறித்துக்கொண்டார். பிறகு டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் வாங்கி வந்திருந்த பழைய தமிழ்ப் பேப்பருக்குள் இலை மடங்காமல் பரப்பி, மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கினார். காலையும் மாலையும் அதற்கு மேலும் கீழும் அடுக்கிய ஈரப் பேப்பரை எடுத்துவிட்டு உலர்ந்தது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மாற்றும்போதே, குடிக்கத் தண்ணீர் தேடும் அந்த ஊரில், எங்கோ கண்மாய் உடைந்த செய்தியை எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். செடியிருக்கும் பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் ஒரு எண், பக்கத்தில் தன் பெயர்.

டெல்லிக்கு வந்து பார்த்தால், எங்கள் அலமாரி எதிலுமே இல்லாத செடி அது. எங்கள் தொழிலில் சேகரித்தவர் பெயரும் எண்ணும்தான் ஒரு தாளின் விலாசம். நூறு வருஷம் கழித்து எவர் அந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணாச்சிக்கு அது நன்றாகத் தெரியும். என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தம்பி, ஐயா பேருக்குக் கீழ எம் பேரையும் ஒரு ஓரமாப் போட்டுருங்க."

அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு பெயர் போடுவது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் தன் பெயர் மட்டும் போதும் என்று அதிகாரி காலையிலேயே சொல்லியிருந்தார். என் குவார்ட்டர்ஸ் விண்ணப்பம் அவருடைய சிபாரிசுக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜோக்தான் வந்தது, அது எனக்கு எப்போதும் வரும்.

"அண்ணாச்சி, உங்க பேரு செடியவிட நீளம். லேபிள்ல இடமில்ல."

அறையில் இருந்த தமிழர்கள் சிரித்தார்கள். விடுவேனா, இடத்துக்கு 'ஜகா' போட்டு, மற்றவர்களுக்காக ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். "ஆமா தம்பி, எங்கய்யா வச்ச பேரு கொஞ்சம் நீளந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். செடியைத் தாளில் ஒட்டியதும், அவர் பெயர் இருந்த பேப்பரைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டதும் நான்தான்.

அதற்குப் பின்னும் அவர் எத்தனையோ பயணம் வந்தார், என் ஜோக்குகளுக்கு முன்போலவே சிரித்தார். பேப்பர் ஓரத்தில் மட்டும் அதற்கப்புறம் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். இறந்துபோனார் என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, விசாலமான வீடு.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். டெல்லியில் பிறந்தவள், தமிழ் வாசிக்க வராது. வழக்கமாக என் கதைகளுக்குப் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறவள், அன்று போகவில்லை. அந்த லேபிளைப் போனில் படமெடுத்து, அதன்மேல் எழுத்து அடிக்கிற வசதியைத் திறந்து, அங்க்கிளோட பூரா பேரைச் சொல்லுங்க என்றாள். ஊர், தகப்பனார் பெயர், சொந்தப் பெயர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அதிகாரியின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் அடித்தாள். ஒரே வரி.

போனை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இன்னும் எவ்ளோ ஜகா இருக்கு பாருங்க."