அடுப்பங்கரையில் இருந்த மருந்து

அம்மாக்கண்ணுவின் வாய்க்குக் கேமரன் மலையின் அந்தத் தேயிலைத் தோட்டமே பயப்படும். பதின்மூன்று வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவள். இருபத்தொன்பது வருடமாக மேட்டு நிரை, செங்குத்துச் சரிவில் இருக்கும் தேயிலை வரிசை, அவளுடையது. அந்தச் சரிவில் காலூன்றி நிற்க வேறொருத்திக்குத் துணிச்சல் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான்.

ஆனால் ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். 1987இல் அது குதிகால்வரை வெடித்துவிட்டது.

"தீபாவளிக்குள்ள கால் ஆறலன்னா பேக்டரிக்குப் போயி குச்சி பொறுக்கு. இந்தக் காலோட ஒன்ன மேட்டுல ஏத்த முடியாது லா," என்றார் கங்காணி காளிமுத்து.

தேயிலையில் குச்சி பொறுக்குவது உட்கார்ந்து செய்யும் வேலை, கிழவிகளுக்கானது. கேட்டதும் அம்மாக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் நவமணி ஒரு புதுக் களிம்போடு வந்தார். சேற்றுப்புண் உள்ள இருபது பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அமிர்தலிங்கம் முதலில் எழுதிய பெயர் அம்மாக்கண்ணுதான்.

"இது ரசாயனத்துல செஞ்ச மருந்து. சும்மா தடவுனா தோலுக்கு மேலயே நின்னுடும். அதனால கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சிருக்கோம். லிப்போசோம்னு பேரு. கொழுக்கட்டைக்குள்ள பூரணம் மாதிரி," என்றார் டாக்டர்.

"கொழுக்கட்ட ஒடஞ்சிட்டா?"

"மருந்து வெளிய வந்து வீணாப் போயிடும். வெயில் படாம வைங்கக்கா."

பக்கத்து வீட்டு வேலம்மா சிரித்துவிட்டாள். "கேமரன்ல வெயிலக் கண்டா நாங்களே போயி நிப்போம் லா, டாக்டரம்மா!"

தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்துக்குக் கேஸ் அடுப்பு வந்தாயிற்று. கீழ் லயத்தில் இன்னும் விறகுதான். அங்கே குளிரில் இறுகுகிற பொருளும் ஈரம் கொள்கிற பொருளும் அடுப்பங்கரைக்குத்தான் போகும்: தேங்காய் எண்ணெய், தைலம், உப்பு, தீப்பெட்டி. விடியற்காலையில் சில்லிட்ட களிம்பு வெடிப்பில் பட்டதும் உயிர் போகிற மாதிரி வலித்தது. அதனால் அம்மாக்கண்ணு ட்யூபை அடுப்பங்கரையில் எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெயில் துளியும் படாத மூலை. ஒருநாள் தவறாமல் இளஞ்சூட்டோடு தடவினாள்.

இரண்டு மாதத்தில் மேல் லயத்துப் பதினோரு பேருக்கும் புண் காய்ந்தது. கீழ் லயத்து ஒன்பது பேருக்கு அப்படியே இருந்தது.

டாக்டர் திரும்பி வந்த அன்று, அம்மாக்கண்ணுவின் ட்யூபில் படிந்திருந்த கரியை அமிர்தலிங்கம் அவசரமாகத் துடைத்தார். "அடுப்புகிட்ட வச்சியா? சூடு பட்டா கொழுப்பு ஒடஞ்சிடும். வெளிய சொல்லாத. தப்பா வச்சவங்க பேரப் பட்டியல்ல அடிச்சுடுவாங்க, அடுத்த ட்யூப் கெடைக்காது," என்று முணுமுணுத்தார்.

"ஒழுங்கா வச்சிருந்தீங்களாக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"ம்."

"அப்ப மருந்துதான் சரியில்ல, பாதிப் பேருக்குக் கேக்கவே இல்ல. ரெண்டு வருஷ உழைப்பு." சோதனை தோல்வி என்று எழுத டாக்டர் பேனாவை எடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

அம்மாக்கண்ணுவுக்கு மேட்டு நிரை கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும் அந்த வாய் எங்கே சும்மா இருக்கும்?

"நில்லுங்க! மருந்து மேல பழி போடாதீங்க. நான்தான் அடுப்பங்கரையில வச்சேன்."

"நானும்," என்றாள் வேலம்மா. பிறகு மற்ற ஏழு பேரும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வெயில மட்டுந்தான் நெனச்சேன்," என்றார். ஆனாலும் விதி விதிதான். ஒன்பது பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

தீபாவளி முடிந்ததும் அம்மாக்கண்ணு பேக்டரிக்குப் போனாள். முதல் நாள், யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள். மேட்டு நிரை வேலம்மாவின் மருமகள் ஜெயாவுக்குப் போயிற்று.

மறுவருடம் டாக்டர் புது ஆட்களுக்குக் களிம்பு கொடுத்தார். அதற்குள் சேற்றுப்புண் வந்திருந்த ஜெயாவுக்கும் ஒன்று கிடைத்தது. கூடவே தமிழில் அச்சடித்த ஒரு சீட்டும் இருந்தது. லயத்து வாசலில் நின்று அவள் படித்தாள்: "அடுப்பங்கரையில் வைக்காதீர்கள்."

"இன்னொரு தடவ படிடி," என்றாள் அம்மாக்கண்ணு.

ஜெயா படித்தாள். அம்மாக்கண்ணு ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு ஜெயாவின் வீட்டுக்குள் போய், வெயில் விழாத, குளிர்காற்று வரும் ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

"அந்தச் சரிவுக்குக் கால் வேணும்டி," என்றாள்.

அதன் பிறகு தினமும் பேக்டரியிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பும்போது, அந்த ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.