காலிப் பெட்டி எண் 31

நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். எனக்கே சந்தேகம் வரும்போதெல்லாம் ஜூன் 11ஆம் தேதி நாட்குறிப்பை எடுத்துப் பார்க்கிறேன். நேரங்கள் எல்லாம் அன்றே குறித்தவை. கையெழுத்து என்னுடையதுதான். கடைசி நாலு வரி மட்டும் கோணிக்கொண்டு கிடக்கிறது.

பகலில் எனக்கு மருந்துக்கடை வேலை. மாலையில் ரொசாரியோ நகரில், எங்கள் பேட்டை கிளப்பின் மாடியில், கணினி பழுதுபார்க்கும் வகுப்பு. கீழே பெரியவர்கள் போச்சாஸ் என்னும் பந்து உருட்டும் ஆட்டம் ஆடுவார்கள். பந்துகள் மோதும் டக்... டக்... சத்தம் மேலே வரை வரும். மக்கள் தானமாகத் தரும் பழைய கணினிச் சாமான்களைச் சோதித்து, நல்லதைப் பள்ளிகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை.

என் பங்கு ஹார்ட் டிஸ்க்குகளின் வெளிப்பெட்டிகள். முதலில் பெட்டிக்கு எண் ஒட்டுவேன். உள்ளே டிஸ்க் இருந்தால் கழற்றி, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அன்றே முழுவதும் அழிப்பேன். அடுத்தவர் அந்தரங்கம் நமக்கு வேண்டாம் என்பது வகுப்பின் சட்டம். பிறகு காலிப் பெட்டியைக் கணினியில் செருகுவேன். விளக்கு எரிய வேண்டும். திரையில் எதுவும் வரக்கூடாது. அதற்குப் பிறகே எங்கள் சோதனை டிஸ்க்கை உள்ளே வைப்பேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன்.

வகுப்பை நடத்தும் ரொமினா இதற்காகவே என்னைக் கேலி செய்வாள். "ஒல்லி, உனக்குக் கல்யாணம் ஆனா புருஷன் நெத்தியிலயும் நம்பர் ஒட்டிடுவே."

அன்று 6.20க்கு தெல்ஃபினா என்றொரு அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவருடைய ஒரே மகன் நாஹுவெல் ஏப்ரலில் இறந்துவிட்டான். அவன் அறையைக் காலி செய்த அந்த அம்மாவின் மைத்துனர், ஒரு வார்த்தை கேட்காமல், மேசையிலிருந்த பெட்டியை எங்களிடம் தானமாகக் கொடுத்துவிட்டாராம். மகன் பேசிப் பதிவு செய்ததெல்லாம் அதில்தான் இருந்ததாம். வேறெங்கும் இல்லையாம்.

"பெட்டி உங்களுக்கே இருக்கட்டும் கண்ணு. அவன் குரல் மட்டும் போதும்."

நான் நோட்டைப் புரட்டி, மைத்துனர் கொடுத்த பெட்டியைத் தேடினேன். எண் 31. வெள்ளிக்கிழமை. டிஸ்க் அழிக்கப்பட்டது, மூன்று முறை. அழித்தவர்: அயெலென்.

அது நான்.

தேடிப் பார்க்கிறோம், எட்டு மணிக்கு வாருங்கள் என்று ரொமினா சமாளித்தாள். வீட்டுக்குப் போய்த் திரும்ப இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால், மூலைத் தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிப் போனார்.

"அழிச்சவ நீ. சொல்ல வேண்டியவளும் நீதான்," என்றாள் ரொமினா. "எட்டு மணிக்கு நான் பக்கத்துல நிக்கிறேன்." பிறகு கீழே கிளப் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

மணி 7.05. மாடியில் நான் மட்டும். குரல் போய்விட்டது, பெட்டியையாவது ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. 31ஐ இன்னும் சோதித்திருக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். காலி. மூடினேன்.

7.11. செருகினேன். நீல விளக்கு எரிந்தது. திரையில் எதுவும் இல்லை. சரி என்று நோட்டில் குறித்தேன்.

7.12. விர்ர்ர்ர்...

டிஸ்க் சுழலும் சத்தம். அறையில் வேறெந்தக் கணினியும் ஓடவில்லை. இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன்.

பெட்டியைக் கையில் எடுத்தேன். அதிர்ந்தது. உள்ளே ஏதோ வேகமாகச் சுற்றுகிறது.

மூடியைத் திறந்தேன்.

காலி. ஒரு சின்னப் பச்சைப் பலகை, நாலு திருகாணித் துளை. அவ்வளவுதான். சத்தம் நிற்கவில்லை.

நிமிர்ந்தேன். திரையில் ஒரு டிஸ்க் வந்திருந்தது. பெயர்: நாஹுவெல். உள்ளே ஒரே ஒரு ஒலிக்கோப்பு.

பழைய பதிவின் மிச்சமாக இருக்கும், நான்தான் சரியாக அழிக்கவில்லை என்று எண்ணினேன். ஆனால் அழித்த டிஸ்க் எதிர் அலமாரியில் இருந்தது. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். எண் 31தான்.

திரும்பி வந்து அளவைப் பார்த்தேன். ஒரு எம்பி.

மறுபடி பார்த்தேன். இரண்டு.

மூன்று...

யாரோ இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

கீழே பந்துச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? தெரியவில்லை.

7.19. கோப்பு வளர்வது நின்றது. திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான். பென் டிரைவில் நகல் எடுத்தேன்.

கேபிளைப் பிடுங்கினேன்.

நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

அணைந்தது.

எட்டு மணிக்கு தெல்ஃபினா வந்தார். ரொமினா பக்கத்தில் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "எல்லாத்தையும் நான்தான் அழிச்சுட்டேன். ஒண்ணு மட்டும் கெடைச்சுது. எப்படின்னு கேக்காதீங்க."

அவர் திட்டவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். "அவன்தான்," என்று சிரித்தார். கண்ணீர் வழிந்தது.

பிறகு சிரிப்பு நின்றது.

ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

மூச்சுச் சத்தம். பிறகு ஓர் இளைஞனின் குரல். "அம்மா... நான்தான். வாசல்ல நிக்கிறேன். சாவி சேர மாட்டேங்குது. கதவுக்கு எதுக்குப் பச்சை அடிச்சே?" பிறகு கதவைத் தட்டும் சத்தம். நிதானமாக. கடைசிவரை அதேதான்.

"போன சனிக்கிழமைதான் புதுக் கதவு போட்டேன்," என்றார் தெல்ஃபினா. "பச்சைக் கதவு."

அவர் எழுந்தார். "நான் பூட்டிட்டு வந்துட்டேனே..."

படியில் ஓடினார்.

வியாழக்கிழமை அவர் ரொமினாவைத் தொலைபேசியில் அழைத்தார். அன்றிரவு வீடு போனபோது வாசலில் யாரும் இல்லையாம். கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாராம். வீடு வைத்தது வைத்தபடி இருந்ததாம்.

அந்த இரவுக்கு மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறார். அந்த மனிதர் மே மாதம் குடிவந்தவர், நாஹுவெலைப் பார்த்ததே இல்லை. ஆமாம், நேற்று மாலை ஏழேகால் வாக்கில் ஒரு பையன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான் என்றாராம். யாரென்று கேட்டதற்கு, அம்மா வரட்டும், உட்கார்ந்திருக்கிறேன் என்றானாம். அவரும் தன் ஜன்னலோரமே இருந்தாராம்.

"எப்போ போனான்?" என்று தெல்ஃபினா கேட்டிருக்கிறார்.

"போகலையே சென்யோரா. நீங்க வந்து கதவைத் திறந்தீங்க... உங்க பின்னாலயேதான் உள்ள போனான்."