கோடு போட்ட கார்டுக் கட்டு

அவரைச் சும்மா விடக்கூடாது என்று நான் முடிவு செய்தது அறுபத்தெட்டாம் ஆண்டு, தீபாவளி கழித்து வந்த செவ்வாய்க்கிழமை, கேன்டீனில், டீ வரிசையில் நிற்கும்போது.

"என்னய்யா, நூல் அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டற மாதிரின்னு நெனச்சியா? இது கம்ப்யூட்டர். குறிஞ்சிப்பாடித் தறி இல்ல."

அவர் இப்படிச் சொன்னதும் வரிசை முழுவதும் சிரித்தது. என் அப்பா தறி நெய்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நானும் அவரும் நெய்வேலியில் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பட்டம் படித்தவர்கள். அவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்து எனக்கு மேலதிகாரியானார். அதில் எனக்குப் பொறாமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பழி எண்ணம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பிறந்தது.

எங்கள் பிரிவின் வேலை தண்ணீர்க் கணக்கு. நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். எங்கெங்கே பம்ப் ஓடினால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதைக் கையால் கணக்கிட்டு வந்தோம். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் வந்த பிறகு, ப்ரோக்ராமைக் கார்டுகளில் துளையிட்டு பஸ்ஸில் அனுப்புவோம். ஒரு வாரம் கழித்து அச்சடித்த தாள் வரும். அதில் விடை இருக்கும், அல்லது பிழைப் பட்டியல் இருக்கும்.

ப்ரோக்ராம் என்னுடையது. நடுவில் ஏராளமான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்கும் பகுதிக்கு மட்டும் அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தயார் கார்டுக் கட்டைச் சேர்க்கச் சொன்னார்கள். "நானே அங்க ஓட்டிப் பாத்தது சார், அப்படியே சேத்தா போதும்" என்று தலைமைப் பொறியாளர் முன்னால் சொல்லித்தான் கொடுத்தார். தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்து, "பொங்கலுக்குள்ள ஓடணும். இல்லன்னா உன்னை பம்ப் ஷிஃப்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். பம்ப் ஷிஃப்ட் என்றால் சேற்றில் நின்று மட்டம் அளக்கும் வேலை. ஒருமுறை போனவன் கணக்குப் பிரிவுக்குத் திரும்பியதில்லை.

முதல் தாள் வந்தபோது பக்கம் பக்கமாகப் பிழை. என் வரிகளில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவர் கட்டில். பார்த்தால், அந்த நாட்டு மெஷின் அடைப்புக்குறிக்கும் சமக்குறிக்கும் போடும் துளைகள் வேறு, ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் சென்னைக் கம்பைலர் எதிர்பார்க்கும் துளைகள் வேறு. எங்கள் பஞ்ச் ஆபரேட்டர் காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். அந்தப் பெண்ணும் நானும் கார்டு கார்டாகப் பார்த்து மறுபடி துளையிட்டோம்.

இரண்டாவது தாளில் கம்பைலர் எல்லா வரிகளையும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பகுதிகளை ஒன்றாக இணைக்கும் இடத்தில் வேலை நின்றிருந்தது. ஒரே ஒரு வரிதான்: இன்ன பெயருள்ள சப்ரூட்டீன் கிடைக்கவில்லை. அவருடைய கட்டு உள்ளே இன்னொரு துணைப் பகுதியைக் கூப்பிடுகிறது, அந்தப் பகுதி கட்டிலேயே இல்லை. இதைச் சொல்லப் போனதற்குத்தான் டீ வரிசையில் தறி கிடைத்தது.

அதன் பிறகு தினமும் சீட்டு வரும். எங்கள் ஆபீஸில் கழித்த கார்டுகளின் பின்புறத்தில் துண்டுக் குறிப்பு எழுதுவது வழக்கம். கழித்த கட்டு எது என்று தெரிய, அதன் மேல் விளிம்பில் சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்துவிடுவோம். அவர் அப்படிப்பட்ட கார்டுகளில் எழுதி பியூன் கையில் கொடுத்தனுப்புவார். "இன்னும் முடியலையா?" "தறிக்கே போயிடலாமே?" "பம்ப் ஷிஃப்டுக்கு பூட்ஸ் வாங்கியாச்சா?" ஒவ்வொன்றிலும் நான் பென்சிலால் தேதி போட்டு அடுக்கி வைத்தேன். என்றாவது ஒருநாள் அவர் முன்னால் விரித்துவைக்க உதவும் என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்த வாரம், அந்த அடுக்கைப் பார்த்த பஞ்ச் ஆபரேட்டர், "இன்னா சார் இது, தெனமும் கார்டுல கிறுக்கிகினே இருக்காரு? இது நம்ம ஸ்டாக்கே இல்லியே. ஓரத்துல கலரு வேற சார்" என்றார்.

ஒன்றைத் திருப்பினேன். "தறிக்கே போயிடலாமே?" என்ற சீட்டு. அதன் முன்புறத்தில், துளைகளுக்கு மேலே பொடி எழுத்தில், நான் வாரக்கணக்கில் தேடிய துணைப் பகுதியின் பெயர் இருந்தது.

அந்த நாட்டில் கட்டின் மேல் சாய்வாகக் கோடு போடுவது, கார்டுகள் கலைந்தால் மறுபடி வரிசைப்படுத்துவதற்காக. நம் ஆபீஸில் அதே கோடு கழிவுக்கு அடையாளம்; அதைப் பார்த்துத்தான் அவர் இந்தக் கட்டையும் கழிவு என்று நினைத்துவிட்டார். அங்கே ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருந்தால் இரண்டாவது கட்டும் வேண்டும் என்று தெரிந்திருக்கும். அவர் ஓட்டவே இல்லை, வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தேன். சந்தோஷத்தில்தான்.

நேராக அவர் மேஜைக்குப் போனேன். "சார், சீட்டு எழுத கார்டு தீந்துபோச்சு. உங்ககிட்ட இருக்கறதத் தரீங்களா?"

"எடுத்துக்கய்யா, மொத்தமா எடுத்துக்க. ப்ரோக்ராம்தான் ஓடல, சீட்டாவது ஓடட்டும்" என்று தள்ளிவிட்டார். கூடவே, "பெரியவருக்கும் ஒரு சீட்டு எழுதிட்டேன். உன்னப் பத்தித்தான்" என்றார். பெரியவர் என்றால் தலைமைப் பொறியாளர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றி மனப்பூர்வமானது.

சாயங்காலம் முழுக்க விளிம்பிலுள்ள மைப்புள்ளிகளைப் பார்த்து கார்டுகளை அடுக்கினோம். சிதறிய புள்ளிகள் நகர்ந்து நகர்ந்து ஒரே கோடாயின. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு தாவியது. ஒரு கார்டு குறைந்தது.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். சீட்டு எழுதியவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார். அது நான் கேட்காமலே கிடைத்த அதிர்ஷ்டம்.

"சார், என்னைப் பத்தி உங்களுக்கு ஒரு சீட்டு வந்திருக்கும். அது எனக்கு வேணும்."

"அதெல்லாம் உனக்குக் காட்ட முடியாதுய்யா."

"எழுதினது வேண்டாம் சார். துளை போதும்."

கட்டை மேஜையில் வைத்தேன். தாவிய இடத்தைக் காட்டினேன். தலைமைப் பொறியாளர் டிராயரைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து, இடைவெளியில் தானே செருகினார். கோடு சேர்ந்தது. பிறகு கட்டைக் கவிழ்த்து, பின்புறங்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். "தறிக்கே போயிடலாமே" என்பதைச் சத்தமாகவே படித்தார்.

"நீங்க இத அங்க ஓட்டிப் பாத்தேன்னீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் காது மடல்கள் சிவந்ததை நான் பார்வை விலக்காமல் பார்த்தேன்.

பஞ்ச் ஆபரேட்டர் சரியான துளைகளோடு புதுக் கார்டுகள் போட்டுக் கொடுத்தார். கட்டு பஸ் ஏறியது. பொங்கலுக்கு முந்தின வாரம் தாள் வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை, கடைசிப் பக்கம் வரை நீர்மட்டம்.

தை பிறந்ததும் பம்ப் ஷிஃப்டுக்கு மேற்பார்வைக்கு ஒருவரை அனுப்பினார்கள். "அங்க ஆள் வேணும்னு அந்தச் சீட்டுல நீங்கதான எழுதியிருந்தீங்க" என்று தலைமைப் பொறியாளர் அவரிடம் சொன்னதாகக் கேள்வி. அவர் போன முதல் திங்கட்கிழமை, நிஜமாகவே கழித்த ஒரு கார்டைத் தேடியெடுத்து, பின்புறத்தில் எழுதி பியூனிடம் கொடுத்தனுப்பினேன்.

"பூட்ஸ் அளவு சரியா இருக்கா?"

தேதியும் போட்டேன்.