கழுகுக்கு அடியில் ஒரு பெண்

மழை பொய்த்த அந்த வருஷம் கலிபோர்னியாவில் நீச்சல் குளங்கள் வறண்டு கிடந்தன. ஆளில்லாத ஒரு வீட்டின் குளத்துக்குள், பதினேழு வயது ரோசால்வா சக்கரம் வைத்த சறுக்குப்பலகையில் ஒரு புது வித்தையைச் செய்தாள். சுவரேறி, பலகையின் அடிவயிறு விளிம்பில் கரகரவென்று உரச நாலு முழம் போய், முதுகுப்பக்கம் திரும்பி இறங்கினாள். பார்த்தது பக்கத்து வீட்டு நாய் ஒன்றுதான்.

சறுக்குப்பலகைக் கூட்டத்தில் ஒரு சட்டம். நாலு பேர் பார்த்தால்தான் வித்தை. முதலில் செய்தவர் பெயரே அதற்கும் பெயர். அடுத்த கோடையில் அந்தக் கூட்டத்து டெரன்ஸ் ஹட்லி அதையே ஊர் பார்க்கச் செய்தான். வித்தை 'ஹட்லி' ஆகிவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது, அவனும் தானாகத்தான் கண்டுபிடித்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். திருடியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

பிறகு அவளுக்கு முழங்கால் போயிற்று. பலகைகளின் அடியில் படம் வரைவது பிழைப்பாயிற்று. ஆறு வருஷம் கழித்து ஹட்லியே வந்து நின்றான்.

"எனக்கு ஒரு பலகை வேணும், ரோஸ். என்ன வேணா வரை. ஆனா உன் கையால வரையணும்."

மூன்று நாள் வரைந்தாள். முதலில் வறண்ட குளம், விளிம்பில் தலைமுடி பறக்க ஒரு பெண், பக்கத்தில் நாய், கீழே தன் பெயர். காய்ந்ததும் அதன்மேல் கெட்டியாக ஒரு கழுகு. எந்தப் படமும் விளிம்பில் உரசி ஒரு மாதம் தாங்காது. தேயாத படத்தோடு வருபவனைக் கேலி பேசியே விரட்டுவார்கள். ஹட்லி தன் வித்தையை ஐம்பது தரம் செய்தால் கழுகு போய், பெண் வெளியே வந்துவிடுவாள். யாரென்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் சொல்லலாம்.

அந்த ஒரு நாளுக்காக ஏங்கினாள். பந்தயம் நடக்கும் இடமெல்லாம் கையில் ஆறிப்போன பர்ரிட்டோ ரொட்டிச் சுருளோடு போய் நின்றாள். அவன் காலடியில் எப்போதும் வேறு பலகை.

கடைசியில் கேட்டே விட்டாள். "நான் வரைஞ்சது என்னாச்சு? ஒடச்சிட்டியா?"

ஹட்லிக்கு முகம் சிவந்தது. "வீட்டுக்கு வா, காட்டறேன்."

கூடத்துச் சுவரில், வாசலைப் பார்த்தாற்போல் மாட்டியிருந்தான். கழுகு பளபளத்தது.

"பசங்க கிண்டல் பண்றானுங்க, பண்ணட்டும். இதைக் கொண்டுபோய் சிமென்ட்ல தேய்க்க எனக்கு மனசு வருமா?"

ரோசால்வா கிட்டப் போய், சிறகின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

ஹட்லி அவள் கையைப் பதமாகப் பிடித்து விலக்கினான். "பாத்து, ரோஸ். நீயே கெடுத்துடாத."