போறணைக்குள் போன சப்பாத்து

அன்பான சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சபை விருந்தில் பாஸ்டரையே கேலி செய்யும் மரியதாஸுக்கு வெட்கமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் பயத்தில் உளறிய கதை சிரிப்பதற்குத் தோதானதுதான்.

போன ஐப்பசி மழையில் நம் நாட்டின் இளையோர் கால்பந்தாட்ட அணி கண்டியில் பயிற்சி முகாம் போட்டிருந்தது. அடுத்து வெளிநாட்டில் போட்டி. கட்டுகஸ்தோட்டையில் வாடகை வேன் ஓட்டும் எனக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. பந்து, உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. சில நாட்களிலேயே என்னை நானே பாதிப் பயிற்றுநர் ஆக்கிக்கொண்டேன். கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை.

அணியில் தினேஷ் என்றொரு பிள்ளை. மடுல்கெல்லத் தோட்டத்துப் பையன், பின்களத்தில் விளையாடுகிறவன். ஆள் உயரம், கால் அதைவிடப் பெரிது. அந்த அளவுக்குக் கண்டிக் கடைகளில் சப்பாத்து கிடையாது. மற்றவர்களிடம் இரண்டு சோடி இருந்தன, அவனிடம் ஒன்றுதான். மறுநாள் கடைசிப் பயிற்சி ஆட்டம். அதை வைத்துத்தான் யார் விமானம் ஏறுவது என்று முடிவு செய்வார்கள். அன்று காலைப் பயிற்சியிலோ மழையில் அவன் சப்பாத்து ஊறிச் சொதசொதத்துப் போயிருந்தது.

"அங்கிள், நாளைக்குள்ள காஞ்சிருமா?"

"என் கையில குடுத்துட்டல்ல? கவலப்படாமப் போ. பாண் மாதிரி சூடா வரும்."

இந்தப் பாண் பேச்சு சும்மா வந்ததல்ல. நத்தார்ப் பண்டிகைக்கு நம் வீட்டுப் பெண்கள் கேக் தட்டுகளை நஸீர் நானாவின் பேக்கரிக்குத்தானே அனுப்புவார்கள்? பாண் சுட்டு எடுத்த பிறகு போறணை அடுப்பில் மிஞ்சும் சூட்டில் கேக் அழகாக வேகும். கேக் வேகும் இடத்தில் சப்பாத்து காயாதா? இந்த ஞானம் எனக்கு மட்டும்தான் வந்தது.

நானா நல்ல மனிதர். தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "சூடு இன்னம் ஈக்குது மரியதாஸ். வாசல்லயே வைங்க. உள்ளுக்குத் தள்ள வாணாம். நான் தொழுதிட்டு வாரேன்."

அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் நீளக் கட்டையால் சப்பாத்தை நன்றாக உள்ளே தள்ளினேன். சீக்கிரம் காயட்டுமே! பிறகு எதிரே இருந்த தேநீர்க் கடையில் பிளேன்டி குடித்தபடி, பின்களம் எப்படி நிற்க வேண்டும் என்று ஆட்களுக்கு வகுப்பெடுத்தேன். வகுப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.

திரும்பி வந்து இழுத்தால், அடி தனி, மேல் தனி. இரண்டும் கருவாடாகச் சுருண்டிருந்தன. ஒரு நாற்றம்! நானா வருவதற்குள் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருடன்கூட அவ்வளவு வேகமாக ஓடமாட்டான்.

மகாவலிப் பாலத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி ஜெபித்தேன். என்ன ஜெபம் என்று கேளுங்கள். "ஆண்டவரே, நாளைக்கு மைதானம் முங்குற மாதிரி மழை பெய்யட்டும்." சொல்லி வாய் மூடவில்லை, வெயில் அடித்தது. "சரி, கோச்சுக்கு ஒரு காய்ச்சல். சின்னக் காய்ச்சல் போதும்." பிறகு வெற்றிலையை விடுகிறேன் என்று பேரம் பேசினேன். கடைசியில் தினேஷின் காலைச் சின்னதாக்கச் சொல்லியும் கேட்டேன். என் வயதில் ஒருவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டான் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வீட்டுக்குப் போனேன். மனைவி ரீட்டா துவாயைப் பிரித்துப் பார்த்தாள். நான் அழாத குறையாக ஜெபித்ததை எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இவ்வளவும் ஜெபிச்சீங்களே, அந்தப் புள்ளைக்காக ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மழை என் மானத்துக்காக. காய்ச்சலும் என் மானத்துக்காக. அவன் கனவு போறணையில் எரிந்து கிடக்கிறது. அவன் பெயரைக்கூட நான் தேவனிடம் சொல்லியிருக்கவில்லை.

குசினியில் அடுப்புப் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, தினேஷ் நாளைக்கு விளையாட வேண்டும். என்னை என்ன செய்தாலும் சரி." அவ்வளவுதான். எழுந்து நேராக முகாமுக்குப் போனேன்.

தினேஷையும் பயிற்றுநர் நேசன் சேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார், அதுதான் பயம்.

"போறணையோ? என்ன காணும், விசரோ உமக்கு? நாளைக்குச் சப்பாத்து இல்லையெண்டால் இவனை இறக்க ஏலாது. இவன்ர இடத்தில மற்றப் பெடியன் கவிந்தவைத்தான் விளையாட விட வேணும்."

தினேஷ் சப்பாத்தின் அடியை எடுத்து மேல்பாகத்தோடு பொருத்திப் பார்த்தான். மறுபடியும் பொருத்திப் பார்த்தான். "பரவாயில்ல அங்கிள்" என்றான். கண் நிறைந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். நஸீர் நானா! கையில் ஒரு இறாத்தல் பாண். எவரை விட்டு ஓடினேனோ அவரே வந்துவிட்டார்.

"எங்க அந்த மரியதாஸ்? சேர், இத மோந்து பாருங்க!"

சேர் முகர்ந்தார். "டயர் மணக்குது."

"பின்னேரப் பாண் முழுக்க இந்த மணம்தான்! சனம் திருப்பிக் கொண்டாந்து என்ட மூஞ்சில எறியிது. கேக்காம கொள்ளாம ஓடிட்டாரு இவரு! சொல்லியிருந்தா போறணைய ஆறப் போட்டுக் கழுவியிருப்பேனே!"

பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நானா, மன்னிச்சிடுங்க. இவன்ட ஒரே சப்பாத்து அது" என்று தினேஷைக் காட்டினேன்.

நானா திட்டுவதை நிறுத்தினார். அவன் காலைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து அளந்தார். பிறகு போனை எடுத்தார்.

"ரிஸ்வான், மாமா பேசுறேன். ஒங்கட ஃபுட்போல் சப்பாத்து ஈக்குதா? ... ஓ, அதேதான். நல்லாத் தொடச்சி வைங்க. இப்ப ஒரு ஆள் வருவாரு. அவருக்கு மட்டும் அடுப்பக் காட்டிடாதீங்க."

அலவத்துகொடையில் இருக்கும் அவருடைய தங்கை மகனுக்கும் அதே அளவுக் கால். எதை மறைக்க ஓடினேனோ, அதுவே அவரைத் தேடிவர வைத்தது. ஆண்டவர் நான் கேட்ட மழையைத் தரவில்லை. கோபத்தோடு ஒரு பேக்கரிக்காரரை அனுப்பினார். நான் பாலத்துப் பக்கத்தில் பேரம் பேசிய நேரமெல்லாம் உதவி போறணைப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் தினேஷ் விளையாடினான். தெரிவானான். கர்த்தருக்குத் தோத்திரம்!

இங்கேயே முடித்தால் நல்ல சாட்சிதான். ஆனால் அன்று மாலை கவிந்தவைக் கம்பளையில் அவன் வீட்டில் இறக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. தினேஷுக்குச் சப்பாத்து கிடைக்காதிருந்தால் விமானம் ஏறியிருக்க வேண்டிய பிள்ளை. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தான். பழைய மரியதாஸ் என்றால் ஏதாவது பகிடி விட்டிருப்பான். நான் விடவில்லை. கண்ணைத் திறந்து வைத்து வேனை ஓட்டியபடியே, மனதுக்குள் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். வீட்டு வாசலில் அவன் பையை நானே தூக்கிக் கொடுத்தேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

என் ஜெபம் இன்னும் பெரிதாக ஒன்றும் வளரவில்லை. பயம் வந்தால் இன்றும் முதலில் என் பெயர்தான் நாக்கில் வருகிறது. அதை நிறுத்திவிட்டு, என்னால் நஷ்டப்பட்டது யார் என்று யோசித்து அவருடைய பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். பிறகு எழுந்து அவரிடம் போகிறேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். போகும் வழியில் கால் நடுங்கும். நடுங்கட்டும். போய்ச் சேருங்கள், அங்கே ஆண்டவர் உங்களுக்கு முன்பே வந்து நிற்பார்.