நீக்கப்பட்ட முப்பத்தேழாம் பதிவு

‘ஜூலை 15, செவ்வாய். 37ஆம் பதிவு நீக்கம். காரணம்: தேவையற்ற தட்டல், இருமுறை.’

என் ஆய்வுக் குறிப்பேட்டில், என் கையெழுத்திலேயே இந்த வரி இருக்கிறது. எழுதிய அன்று அதை ஒழுங்கான வேலை என்றுதான் நினைத்தேன்.

ரோபோக்களுக்குப் பொருள்களைக் கையாளக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஒரு மனிதர் செய்வதைப் பலமுறை பதிவுசெய்து, அதிலிருந்து ரோபோ கையைப் பழக்குகிறோம். அந்த ஆண்டு எங்களுக்கு வாய்த்த இடம், சிஞ்ச்வட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலை. அங்கே ஒரு தொட்டி நிறைய எண்ணெய் தடவிய எஃகு வில்லைகள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் குழிகளில் வைக்க வேண்டும். இரண்டு ஒட்டிக்கொண்டு இரட்டையாகப் போனால், அடுத்து அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் அச்சு கெட்டுவிடும்.

அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் தமிழ் பேசும் ஒரு அம்மாள். பக்கத்திலுள்ள கட்கியில் பிறந்து வளர்ந்தவர். குடும்பத்துக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை சார் என்றார். நாள் முழுக்கக் குனிந்து தொட்டிக்குள் கைவிட்டதில் அவருக்கு வலது தோள் போய்விட்டது. உட்கார்ந்து செய்யும் பரிசோதனை மேசைக்கு மாற்றும்படி கேட்டிருந்தார். சூப்பர்வைசர் ஒரு நிபந்தனை சொன்னார்: ரோபோ கை ஆறு வேலைநாள் ஓட வேண்டும், ஒருமுறைகூட இரட்டை விழக்கூடாது. விழுந்தால் அவர் தொட்டியிலேயே இருக்க வேண்டியதுதான். ஆகவே அந்த ஆலையில் எங்கள் இயந்திரம் ஜெயிக்க வேண்டும் என்று எங்களைவிட அதிகம் விரும்பியவர் அவர்தான்.

முதல் சோதனை ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தொடங்கியது. அந்தத் தொழிற்பேட்டையில் வார விடுமுறை வியாழன். எனவே கடைசி நாள் வெள்ளி. சனி முதல் புதன் வரை ஒரு தவறும் இல்லை. வெள்ளி காலை ஒன்பதே காலுக்கு முதல் இரட்டை விழுந்தது. பத்து மணிக்குள் மேலும் மூன்று. சூப்பர்வைசர் கையைக் காட்டி ரோபோவை நிறுத்தச் சொன்னார்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியருகே வந்தார்.

“இன்னா சார், உங்க மிஷினுக்கு இன்னிக்கி மூடு சரியில்லியா?”

என் ஆய்வு மாணவி, கூரை விளக்கின் வெளிச்சம் எண்ணெயில் பட்டுக் கேமராவைக் குழப்புகிறது என்றாள். இரண்டு வாரம் அந்த வழியிலேயே போனோம். விளக்கை மறைத்தோம், கேமராவை மாற்றினோம், மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அடுத்த வெள்ளியும் இரட்டை விழுந்தது, அதற்கடுத்த வெள்ளியும்.

ஔந்தில் என் வீட்டு மேசையில் குறிப்பேட்டைக் கிழமை வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். இரட்டை விழுந்த நாளெல்லாம் வெள்ளி. அக்கா வேலை செய்ததை நாங்கள் பதிவுசெய்த நாளெல்லாம் திங்கள், செவ்வாய், புதன். வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகக் கூட்டம். ஒரு வெள்ளிகூட நாங்கள் ஆலையில் பதிவெடுக்கவில்லை. பிறகு அந்த ஜூலை வரி கண்ணில் பட்டது. அதற்கு மேலே இருந்த வரி: ‘14, திங்கள். மழை. மின் அறையில் தண்ணீர். ஆலை மூடல்.’ அதாவது அந்தத் தட்டல், ஆலை ஒரு நாள் மூடிக்கிடந்த பிறகு எடுத்த முதல் பதிவில் இருந்தது.

மறுநாள் அந்தத் தட்டலைப் பற்றி அக்காவிடம் கேட்டேன்.

“ஆமா சார். வியாழக்கெழம சுட்டி, லீவு முடிஞ்சி அடுத்த நாள் ஒட்டிக்கும். ரெண்டு ராத்திரி எண்ணெய்ல ஊறுதில்ல? தொட்டி ஓரத்துல ரெண்டு தட்டு தட்டினா அடியில இருக்கறது உதுந்துடும்.”

“சொல்லவே இல்லையே அக்கா!”

“நீங்க எங்க கேட்டீங்க? வெள்ளிக்கெழம வந்திருந்தா தானா பாத்திருப்பீங்க. மழைக்கு மறுநாள் தட்டினேன், அதையும் அழிச்சிட்டீங்களாம், உங்க ஸ்டூடன்ட் பொண்ணு சொல்லிச்சி. என் தோள் வலியையும் அதே மாதிரி அழிச்சிக் குடுங்க சார், புண்ணியமா போவும்.”

மாணவி குனிந்து கம்பிகளைச் சரிசெய்வதுபோல் சிரித்தாள்.

காரணம் தெரிந்த பிறகும் வேலை எளிதாக இல்லை. கை எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டமிடும் எங்கள் நிரலுக்கு, தொட்டியின் விளிம்பு என்பது தொடக்கூடாத தடை. விளிம்பை விட்டு விலக அதற்குக் கற்றுத்தர நாங்கள் மாதங்கள் செலவிட்டிருந்தோம். இப்போது அதே விளிம்பை நாடிப் போய்த் தட்டச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு உணரி இரண்டு வில்லையின் எடையை உணர்ந்தால் மட்டும் தட்டு என்று வைத்தோம். எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதற்கு நான்கு வெள்ளிக்கிழமைகள் அக்காவைப் பதிவுசெய்தோம். ஆய்வகக் கூட்டம் செவ்வாய்க்கு மாறியது. நீக்கிய முப்பத்தேழாம் பதிவு காப்புப் பிரதியில் இருந்தது. அதையும் திரும்பச் சேர்த்தேன்.

இரண்டாம் சோதனை அக்டோபரில். முதல் ஐந்து நாள் தவறில்லாமல் போய், வெள்ளி வந்தது. அக்கா இடக்கையால் வலத்தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எட்டரைக்கு ரோபோ கை ஒரு வில்லையைத் தூக்கியது, ஒரு கணம் நின்றது, விளிம்புக்குப் போய் இரண்டு தட்டு தட்டியது. அடியில் ஒட்டியிருந்தது தொட்டிக்குள் விழுந்தது.

“அச்சா, என்ன மாதிரியே பண்ணுது! இனிமே பத்து மணி ஆனா குடிக்க சாய் எங்கன்னு கேக்கும் பாருங்க.”

மாலை ஐந்தரை வரை தட்டில் ஒரு இரட்டைகூட இல்லை. சூப்பர்வைசர் இரண்டு தட்டுகளைத் தானே கவிழ்த்துப் பார்த்தார். சோதனைத் தாளில் கையெழுத்திட்டார். அக்கா கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பாக்கலாம் சார்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஆலை வேலை அத்துடன் முடிந்தது. நவம்பர் முதல் வாரம் சூப்பர்வைசரிடம் தொலைபேசியில் அக்காவைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாளை மேசைக்கு மாற்றியாயிற்று என்று இந்தியில் சொன்னார். எந்தத் தேதி முதல் என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. அக்காவின் எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. குறிப்பேட்டில் அந்த வரியை இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ‘மேசைக்கு மாற்றம்: சூப்பர்வைசர் வாய்மொழி. நேரில் பார்க்கவில்லை. உறுதியாகவில்லை.’