முள் எடுத்த மலை

திண்டிவனத்தில் காலை ஏழரை மணிக்குத் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினேன். செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தது. மடியில் தைத்து முடித்த தோள்பை ஒன்று இருந்தது.

"கோட்டைக்கா அண்ணே?" என்றார் நடத்துநர்.

"இல்ல, அனந்தபுரம் ரோட்டுல ஒரு மல."

"அங்க இன்னா இருக்குது? வெறும் முள்ளு."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. விழாக்களுக்கும் போவதில்லை. அன்றைக்கு அந்தத் தோள்பைக்குச் சொந்தக்காரரான தமயந்தி அக்காவுக்கே அவர் ஊரில் பாராட்டு விழா என்பதால் கிளம்பினேன்.

அக்கா செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் ஆடு மேய்த்து, வெறுங்காலோடு மலை ஏறப் பழகியவர். பிறகு காடுகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தார். வடக்கே போய்ப் பனிமலை ஏறினார். ஒரு மலையில் இடது காலின் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே கிழிந்த பையோடுதான் முதன்முதலில் என் கடைக்கு வந்தார். "லாரிக்குத் தைக்கிற மாதிரியே தை தம்பி. இதுல என் உயிரு தொங்குது" என்றார். அதன் பிறகு அவர் பைகளெல்லாம் என் ஊசிக்குத்தான் வந்தன.

எட்டரை மணிக்குச் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அக்காவைச் சந்தித்தேன். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கப் புதுச்சேரியில் இரண்டு வாரம் தங்கிவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். கையில் ஊன்றுகோல். மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அடிவாரம் போதும்டா எனக்கு. அங்க மட்டும் நடந்துட்டு வரலாம்" என்றார். பையை வாங்கி வார்களை இழுத்துப் பார்த்தார். "பேரு ஏழுமல. ஏணியில ஏறுனா கை நடுங்குது. தையல் மட்டும் நடுங்கல."

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். ஆறு கிலோமீட்டர். அக்கா தான் கொண்டுவந்திருந்த உசிலை விதைகளையும் கருங்காலி விதைகளையும் பைக்குள் நிரப்பிக்கொண்டே வந்தார். அவர் குழி வெட்டி மரம் நடுகிறவர் அல்ல. சூரை, காரை போன்ற முள்புதர்களின் அடியில் விதையைச் செருகிவிடுவார். முள்ளுக்குள் ஆடு வாய் வைக்காது, வெயிலும் படாது. கன்று தலை தூக்குகிற வரைக்கும் முள்தான் அதற்கு வேலி. வயல் வேலிக்கு முள் வெட்ட வந்தவர்களோடு சண்டை போட்டு, பிறகு கெஞ்சி, இருபது வருடமாக அந்த மலையில் ஒருவரையும் அரிவாள் வைக்க விடவில்லை. அதற்கென்றே ஊரில் அவருக்கு முள்ளுக்காரி என்று பெயர்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எம்மா, உங்க மலய இப்போ பாக்கணுமே. ஜேசிபி வுட்டு பளிச்சுனு ஆக்கிட்டாங்க பசங்க!"

அக்காவின் கை விதைக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஒன்பதே கால் மணிக்கு இறங்கினோம். பாறைகள் தொடங்குகிற இடம் வரைக்கும் அடிவாரம் மழித்த தலை போல இருந்தது. சிவந்த மண்ணில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கறுப்புப் பையில் ஒரு மயில்கொன்றைக் கன்று. அக்காவின் பெயர் போட்ட பெரிய பேனர். பந்தலுக்குப் பின்னால் பிடுங்கிய முள் எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

விழாவை நடத்திய சரவணன் ஓடி வந்தான். வார்டு மெம்பர். முப்பது வயதிருக்கும்.

"இன்னா அத்த, எப்டி கீது? ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டே நாள்ல முடிச்சோம். முட்டி வலியோட முள்ளுல நடப்பியேன்னுதான்."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அக்கா குழிகளுக்கு நடுவே நடந்தார். ஓரிடத்தில் குனிந்து மண்ணைக் கிளறினார். அறுபட்ட வேர் ஒன்று தெரிந்தது.

"கொஞ்சம் வேரு மண்ணுல இருக்குது சரவணா. துளிர்க்கும். அந்த முள்ளயெல்லாம் இழுத்தாந்து இது மேலயே பரப்பிடு. காஞ்ச முள்ளுக்கும் ஆடு பயப்படும். நெருப்பு மட்டும் வெச்சுடாத."

"ஆவட்டும் அத்த. மொதல்ல மேடைக்கு வா. ஆளுங்க காத்துனுகீறாங்க."

போகும்போது அக்கா என்னைப் பார்த்து, "ஏழுமல, நீ அந்த முள்ளுகிட்ட நில்லு" என்றார்.

நின்றேன். பத்தரை மணி இருக்கும். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். பனிமலைக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா மைக்கைப் பிடித்ததும், "மொதல்ல அந்த முள்ளு..." என்று தொடங்கினார். முள்ளுக்காரி என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

அந்த நேரத்தில் ஒருவர் மண்ணெண்ணெய் கேனோடு வந்தார். விருந்தினர் கார்களை நிறுத்த இடம் வேண்டுமாம்.

"வேணாங்க. அக்கா வெக்க வேணாம்னாங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொல்லி, குவியலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"திண்டிவனம்."

"அப்போ விருந்தாளி. பிரியாணி ஆறிடும், போய் சாப்புடுங்க." என் தோளைப் பிடித்து மரியாதையாகத்தான் நகர்த்தினார். மறுபக்கம் போய்க் கொளுத்தினார். வெயிலில் காய்ந்திருந்த முள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீர். அதை ஊற்றினேன்.

புகை பந்தலுக்கு மேலே எழுந்தபோது அக்கா திரும்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் மட்டும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னாடை இன்னும் தோளில்தான் கிடந்தது. மேலே பாறைகளுக்கு நடுவே பச்சை தெரிந்தது.

"ஜேசிபி ஏற முடியாத எடத்துல காடு அப்டியே இருக்குது, பாத்தியா? நானும் ஏற முடியாது" என்றார்.

"நான் ஏறிப் போட்டுட்டு வரட்டுமாக்கா?"

"நீயா? ஏணிக்கே நடுங்குறவன்." சிரிக்கப் பார்த்தார். விதைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் தைத்த வாரை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஒரு விதைகூடக் குறையவில்லை.

மூன்று மணிக்குச் செஞ்சியில் பேருந்து பிடித்தேன். சட்டையில் புகை வாசம் போகவில்லை. கடையைத் திறந்தபோது பக்கத்து பஞ்சர் கடைக்காரர் கேட்டார்.

"அந்தம்மா மல எப்டி இருக்குது?"

"சுத்தமா இருக்குது" என்றேன்.